கார்ப்பரேட்டருக்கு ஒத்தடம்

கண்ணபிரானுக்குப் பைக்கில் வேண்டாததாகத் தெரிகிற எதையும் விட்டுவைக்கப் பிடிக்காது. கல்யாணத்துக்கு முன்னால், பின்சக்கரத்தில் சேலை சிக்காமல் காக்கிற சாரி கார்டைக் கழற்றி எறிந்தவன், கல்யாணமான மறுவாரம் அதைத் தேடிச் சோளத்தட்டைப் படப்பைப் புரட்டிக்கொண்டு கிடந்தான். எப்போது நினைத்தாலும் யோகலட்சுமிக்குச் சிரிப்பு வரும். இன்றைக்கு வரவில்லை.

காரணம் அவள் கைப்பையில் இருந்தது. ஒன்பது வருடமாகக் காத்திருந்த அரசாங்க நர்ஸ் வேலைக்கு உத்தரவு வந்துவிட்டது. கொடைக்கானலுக்கும் மேலே ஒரு மலைக் கிராமம். திங்கட்கிழமை சேராவிட்டால் வேலை போய்விடும். இன்றைக்குச் சனி. கம்ப்யூட்டர் சென்டரில் அச்செடுத்துப் பைக்குள் திணித்து மூன்று நாளாயிற்று, புருஷனிடம் மூச்சுவிடவில்லை. கடம்பூர்ப் பக்கம் ஆறு ஏக்கர் உளுந்து, நாலு மாடு. இவனை ஒற்றை ஆளாக விட்டுவிட்டுப் போவதா? சோறு பொங்கச் சொன்னால் கஞ்சி வைக்கிற ஆள். போ என்று சொன்னாலும் வலிக்கும், போகாதே என்று சொன்னாலும் வலிக்கும். அதனால் கேட்கவே இல்லை.

கோவில்பட்டியில் இசக்கிபாண்டியின் பட்டறையில் வண்டி நின்றது. தண்ணீரால் இஞ்சினைக் குளிரவைக்கிற பழைய பெரிய பைக். பெட்ரோலும் காற்றும் கலக்கிற கார்ப்பரேட்டர் பக்கம் தண்ணீர் ஒழுகுகிறது என்று கண்ணபிரான் அவளையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான்.

"இந்த ரெண்டு ஹோஸுந்தான் அண்ணாச்சி ஒழுகுது" என்றான் இசக்கிபாண்டி. "இஞ்சின் சுடுதண்ணி இது வழியா வந்து கார்ப்பரேட்டரச் சூடா வச்சிருக்கும். குளிரு ஊருல அதுக்குள்ள ஐஸ் பிடிச்சு வண்டி நின்னுரும்லா, அதுக்குத்தான். நம்ம கரிசக்காட்டு வெயில்ல கார்ப்பரேட்டருக்கு எதுக்கு ஒத்தடம்? கழத்திட்டு அடைச்சிருவோம்."

சொல்லிக்கொண்டே ஒரு ஹோஸை உருவித் தட்டினான். வெள்ளை வெள்ளையாக உப்புக்கட்டி உதிர்ந்தது.

"ரேடியேட்டர்ல என்னத்த ஊத்துனிய?"

"தோட்டத்து போர் தண்ணிதான்."

"கூலண்ட் ஊத்தாம உள்ள உப்பளம் போட்டு வச்சிருக்கிய! இது வேல செஞ்சே வருசக்கணக்காச்சு."

"அந்தத் தண்ணியில பருப்பே வேகாதுன்னு நான் அப்பவே சொன்னேன்லா" என்றாள் யோகலட்சுமி. வாய்தான் பேசியது. மனசு வேறொரு கணக்கில் இருந்தது. குளிரூருக்கான ஹோஸ். கழற்றச் சொன்னால், இவன் மலைக்கு வருகிறவன் இல்லை. உத்தரவைக் கிழித்துவிட வேண்டியதுதான். நர்ஸுக்குப் படித்தவள் மெக்கானிக் பட்டறையில் உட்கார்ந்து பூக்கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணபிரான் அந்த ஹோஸைக் கையில் வாங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினான்.

"அடைக்காத. புதுசு போடு."

"மதுரையில இருந்துதான் வரணும். நாலு நாளாவும்."

"ஆவட்டும். நாளைக்கு நாங்க பஸ்ஸுல போறோம். அடுத்த சனிக்கிழமதான் வண்டி வேணும். பொறவு வாராவாரம் வேணும்."

"எங்கன போறிய அண்ணாச்சி?"

"கொடைக்கானலுக்கு மேல. மார்கழிக் குளிர்ல பாதி வழியில வண்டி நின்னு போச்சுன்னா, இவ என்னமோ ஏதோன்னு ரோட்டப் பாத்துக்கிட்டே நிப்பால்லா."

யோகலட்சுமி எழுந்தேவிட்டாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வேலைக்குப் பாரம் எழுதும்போது யாரு போன் நம்பரக் குடுத்த?" அவன் போனை நீட்டினான். மூன்று நாளைக்கு முந்தைய குறுஞ்செய்தியில் அவள் பெயரும் ஊர்ப் பெயரும் இருந்தன. "நீயாச் சொல்லுவன்னு பாத்தேன்."

"மூணு நாளா நான் தூங்கலங்க!"

"நான் மட்டும் தூங்குனனா?"

அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இந்த மனுசனை விட்டுவிட்டு எப்படி இருக்கப்போகிறோம் என்று இருந்தது; இந்த மனுசன் இருக்கிறவரை எங்கேயும் இருந்துவிடலாம் என்றும் இருந்தது. "இனிமே போர் தண்ணி ஊத்துனா மலையேற விடமாட்டேன், பாத்துக்கிடுங்க" என்று சொல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

இசக்கிபாண்டி சூழ்நிலையை லேசாக்கப் பார்த்தான். "அப்போ சாரி கார்டக் கழத்திரட்டுமா அண்ணாச்சி? மைனிதான் மலையிலல்லா இருக்கப் போறாவ."

"அதத் தொட்ட, கைய ஒடிச்சிருவேன்" என்றான் கண்ணபிரான். "அங்க போயி இவளப் பின்னால ஏத்த வேண்டாமா?"