மணி அடித்த பிறகே ஃபியூஸ்

மின்சாரமும் எரிவாயுவும் விற்கும் கம்பெனிகளுக்கு விதி எழுதுவது என் பிழைப்பு. "நீங்க எழுதுறதையெல்லாம் யாரு மாப்பிள்ளை படிக்கிறாங்க?" என்று மாமனார் வாரம் ஒருமுறையாவது கேட்பார். மூச்சுக்கு மெஷினை நம்பியிருக்கிற மனிதர். நக்கலடிக்கும்போது மட்டும் அவருக்கு மூச்சு முட்டியதே இல்லை.

போன மாதம், வாசலுக்கு வந்த விற்பனையாளரின் பேச்சில் மயங்கி மின்சாரக் கம்பெனியை மாற்றினேன். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் துண்டறிக்கை அடித்துக் கொடுத்த நான், படிக்காமல்தான் போட்டேன்.

இந்த மாதம் ஒருநாள் ஆபீஸில், அந்தக் கம்பெனி புது மீட்டர் பொருத்துவதற்காகக் கரண்டை நிறுத்தப்போகும் வீடுகளின் பட்டியல் மேஜைக்கு வந்தது. ஏழாவது வரியில் என் வீடு, காலை பத்து மணிக்கு. அப்போதே மணி பத்தே கால். உயிர்காக்கும் மெஷின் உள்ள வீட்டில் சட்டென்று நிறுத்தக்கூடாதுதான். ஆனால் மெஷின் இருப்பதை விண்ணப்பத்தில் குறித்திருக்க வேண்டும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவசரத்துக்கு வைத்திருந்த ஆக்ஸிஜன் சிலிண்டரும் நிரப்பப் போயிருந்தது. மனைவி போனை எடுக்கவில்லை. நாலு தெரு தள்ளியிருந்த வீட்டுக்கு ஓடினேன்.

வாசலில் லைன்மேன் முக்காலி போட்டு உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். உள்ளே மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. போன உயிர் திரும்பி வந்தது.

அவர் மணி அடித்து, வீட்டில் மெஷினை நம்பி யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாராம். அவரிடம் பேசிக்கொண்டிருந்ததில் மனைவி போனைக் கவனிக்கவில்லையாம். மாற்று பேட்டரியோடு மறுநாள் வந்து மீட்டரைப் பொருத்துவதாக ஏற்பாடு.

லைன்மேன் சலித்துக்கொண்டார். "பட்டியல்ல மெஷின்னு குறிக்கலைன்னாலும் வாசல்ல கேட்டுட்டுத்தான் ஃபியூஸைப் பிடுங்கணும்னு ஒரு ரூல் சார். எவனோ வேலை வெட்டி இல்லாதவன் எழுதியிருக்கான். ஒரு நாளைக்கு நாப்பது வீட்டு மணி அடிக்கிறேன்."

மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அந்த வேலை வெட்டி இல்லாதவன் நான்தான். அந்த ஒரு வரிக்காகக் கம்பெனிகளோடு இரண்டு வருஷம் மல்லுக்கட்டினேன். எழுதி முடித்தபின், இதை எவன் மதிக்கப்போகிறான் என்று நானே நினைத்ததுண்டு.

அவர் நீட்டிய படிவத்தில் விட்டுப்போன கட்டத்தை நிரப்பினேன்.

உள்ளே மாமனார் கண் விழித்தார். "என்ன மாப்பிள்ளை, ஆபீஸ் லீவா?"

"இல்ல மாமா. நான் எழுதினதை ஒருத்தர் படிச்சிருக்கார். அவரைப் பார்க்கத்தான் வந்தேன்."