யாருக்குப் பத்தியம்

ஆஸ்பத்திரியில் மருந்து ஜன்னலுக்கு உள்ளே இருபது வருஷம் நின்றவனுக்கு முகங்கள் தெரியாது; கைகள்தான் தெரியும். சீட்டு நீட்டும் கை, புட்டி நீட்டும் கை. கம்பவுண்டர் கைலாசநாதன் ஒரு சிடுமூஞ்சி என்று மதுரையில் பாதிப் பேர் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். காலையில் வந்து நின்றால் கால் மரத்துப்போகும்வரை நிற்கிறவன் நான்.

வாடிப்பட்டிப் பக்கத்து ஒச்சாயி சீட்டை நீட்டியது ஒரு திங்கட்கிழமை. இடுப்பில் இரண்டு வயதுப் பையன் சோணை. ஆறு மாதமாகக் கழிச்சல். வயிறு பானை, கை கால் குச்சி. டாக்டர் மருந்தே எழுதவில்லை. ஆகாரம்தான் வைத்தியம், விளக்கிச் சொல் என்று என்னிடம் அனுப்பியிருந்தார். அவளுக்குப் பின்னால் நாற்பது பேர்.

"பத்தியம்மா. நன்னாப் பழுத்த சிறுமலை வாழைப்பழம், வெண்ணெய் எடுத்த மோர். பதினஞ்சு நாளைக்கு வேற ஒண்ணும் வாயிலே படப்படாது. போ. அடுத்த ஆள்!"

பதினாறாம் நாள் வந்தாள். எடை போட்டால் பையன் முன்னைவிடக் குறைந்திருந்தான். அழத் தெம்பில்லாமல் முனகினான். இப்படியே போனால் ஒரு வாரம் தாங்காது என்றார் டாக்டர். எனக்கு வந்ததே கோபம்!

"பத்தியத்தை முறிச்சுட்டு இங்கே எதுக்கு வரே? புள்ளையைக் கொல்லவா?"

"அழகர் மேல சத்தியமா முறிக்கலை சாமி. ஒரு பருக்கை தொடலை. பழமும் மோரும்தேன்."

வரிசையே வேடிக்கை பார்த்தது. நான் விடவில்லை. "காலம்பற பையன் என்ன சாப்பிட்டான்?"

"அவனா? கம்பங்கூழு குடிச்சான்."

"பழம்?"

"அது எனக்குத்தான சாமி?" நான் கேட்டதே அவளுக்குப் புரியவில்லை. "பால்குடி மறக்காத பிள்ளைக்கு நோவுன்னா ஆத்தாதான பத்தியம் இருக்கணும்? அம்புட்டு நாளும் அதைத் தின்னுட்டுத்தேன் களையெடுக்கப் போனேன். மாருல பாலும் வத்திப்போச்சு. கெட்ட பாலு வத்துது, வைத்தியம் வேலை செய்யுதுன்னு நெனச்சேன்."

அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். கன்னம் ஒட்டிக் கண் குழிந்திருந்தது. ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். அவள் மேல் என்ன தப்பு? எங்கள் கைக்குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லை என்றால் என் மனைவி அகிலாண்டமும் அப்படித்தான் பத்தியம் இருந்தாள். 'பிள்ளைக்கு' என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல எனக்கு அலுப்பு. வெட்கமாக இருந்தது.

வரிசையை நிற்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அவள் முந்தானை முடிச்சில் மூன்று பழம் இருந்தது, அவளுடைய மத்தியானச் சாப்பாடு. ஒன்றை உரித்து மசித்துப் பையன் வாயில் வைத்தேன். முதலில் துப்பினான். பிறகு சப்பினான். கொஞ்சம் கொஞ்சமாக முழுப் பழமும் போயிற்று.

"டாக்டர்கிட்ட சொல்லிப் படுக்கையிலே சேர்த்துக்கறேன். பழமும் மோரும் பிள்ளைக்கு. பிள்ளைக்கு மட்டும்தான். தெரிஞ்சுதா?"

ஒச்சாயி தலையை ஆட்டினாள். பையனின் வாயைத் துடைத்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அப்ப நான் கஞ்சி குடிக்கலாமா சாமி? பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிராதே?"