முகம் தெரியாத அன்பருக்கு

கோகிலவாணி வேலையை விட்டது குன்னூர் முழுக்கத் தெரியும். தேயிலை ஏலத்துக்குச் சரக்கு அனுப்புகிற ஆபீஸில் வருஷக்கணக்காகக் குப்பை கொட்டியவள், ஒருநாள் மத்தியானம் டிபன் பாக்ஸை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "இனி நானே விக்கப் போறேங்க" என்று எழுந்துவிட்டாள். முதலாளி தரணிதரன் கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். மனுஷன் சிரித்தார்.

"ஏனுங்க அம்மிணி, வெப்சைட்டுல டீத்தூள் விக்கறேங்கறீங்க, சரி. மாமன் வாங்குவான், மச்சான் வாங்குவான். அதெல்லாம் ஒரு யாவாரமுங்களா? முன்னப்பின்னத் தெரியாதவன் ஒருத்தன், உங்க மூஞ்சியக்கூடப் பாக்காதவன், காசு குடுத்து வாங்கோணும். பொங்கலுக்குள்ள அப்படி ஒரே ஒருத்தனக் காட்டுங்க, நானே மாலை போடறேன். இல்லீன்னா பேசாம வந்து இந்தச் சேர்ல உக்காந்துக்குங்க. காலியாவே வெச்சிருக்கறேன்."

அந்தச் சேரைப் பற்றிச் சொல்லவேண்டும். கைப்பிடி ஒரு பக்கம் ஆடும். பின்னால் இருக்கிற ஜன்னலைத் திறந்தால் பஸ் ஸ்டாண்டு கக்கூஸ். அதில் திரும்பப் போய் உட்காருவதைவிட மலை ரயில் முன்னால் படுத்துக்கொள்ளலாம் என்று கோகிலவாணி நினைத்தாள். ஆனால் அது மெதுவாக வரும், டிரைவர் இறங்கி வந்து புத்தி சொல்லுவார், அதுவும் சரிப்படாது. ஆக, ஒரே வழி: பொங்கலுக்குள் ஒரு முகம் தெரியாத ஆள்.

கடைக்கு 'நம்ம கொழுந்து' என்று பேர் வைத்தாள். வெப்சைட் வேலை தம்பி ஜீவாவுக்கு. கோயம்புத்தூரில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் இருந்தவன் அவன். கம்பெனி ஆள் குறைத்தபோது முதலில் குறைந்தவன். வேலைதான் போனதே தவிர, அதன் பேச்சு மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"அக்கா, பிராஜெக்ட்னா ஒரு ஒழுங்கு வேணும்" என்று சொல்லி, முன் அறைச் சுவரை மூன்றாகப் பிரித்துக் கோடு போட்டான். செய்ய வேண்டியது, செய்துகிட்டிருப்பது, முடிஞ்சது. ஒவ்வொரு வேலையையும் ஒரு மஞ்சள் ஒட்டுச்சீட்டில் எழுதி முதல் கட்டத்தில் ஒட்ட வேண்டும். வேலை நகர நகரச் சீட்டும் நகர வேண்டும். தினம் காலையில் மூன்று பேரும் சுவர் முன்னால் நின்றபடியே பேச வேண்டும். உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் பேச்சு வளருமாம்.

மூன்றாவது ஆள் அம்மா சின்னம்மை. சிலோன் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதில் கப்பலேறி வந்தவள். "இது எங்க தோட்டத்துப் பிரட்டுல்ல? தொரைக்கு முன்னால வரிசையா நிக்க வச்சுப் பேர் கூப்புடுறது! இதப் படிக்கவா கோயம்புத்தூரு போன?" என்று கேட்டாள். கேட்டாளே ஒழிய, ஒருநாள்கூடத் தவறாமல் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

ஜீவாவின் ஒழுங்குக்கு ஒரே ஒரு எதிரி, குன்னூர் ஈரம். ஆவணி மழையில் சுவர் வேர்த்து வழிந்தது. கோயம்புத்தூரில் இரும்பாக ஒட்டிய சீட்டெல்லாம் இங்கே ராத்திரியோடு ராத்திரியாகத் தரையில் விழுந்து கிடக்கும். காலையில் கூட்டும்போது சின்னம்மை ஒவ்வொன்றையும் பத்திரமாகப் பொறுக்கித் திரும்ப ஒட்டிவைப்பாள். தூக்கிப் போட்டுவிடவில்லையே என்று ஜீவா சந்தோஷப்பட்டான். எந்தக் கட்டத்தில் ஒட்டுகிறாள் என்று ஒருத்தரும் பார்க்கவில்லை.

கடை திறந்த முதல் வாரம் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. கோகிலவாணி போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு சாப்பிட்டாள், குளிக்கப் போனாள், கோயிலுக்குப் போனாள். அவள் முகம் சுருங்கிப் போனதைச் சின்னம்மை பார்த்தாள்.

அடுத்த வாரம் திறந்துகொண்டது பாருங்கள் மடை! காலையில் ஒரு ஆர்டர், மத்தியானம் நாலு, சாயங்காலம் எண்ண முடியவில்லை. கோகிலவாணி ஜீவாவைக் கட்டிப்பிடித்து, தலையில் ஒரு குட்டும் வைத்தாள். சந்தோஷம் வந்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது.

"பாத்தியாக்கா? ஆர்டர் கிராஃப் எப்படி ஏறுதுன்னு பாரு! குன்னூர்ல இருந்து கோத்தகிரி ரோடு ஏறுற மாதிரி ஏறுது" என்றான் ஜீவா.

ஒவ்வொரு டப்பாவுக்குள்ளும் கோகிலவாணி கைப்பட ஒரு அட்டை எழுதி வைத்தாள். 'முகம் தெரியாத அன்பருக்கு, எங்கள் மலையிலிருந்து நன்றி. இப்படிக்கு, கோகிலவாணி.' எழுதி எழுதி விரல் வீங்கியது. வீங்கின விரலைத் தரணிதரனுக்குக் காட்ட வேண்டும்போல இருந்தது. பார்சலில் ஒட்டுகிற லேபிளை ஜீவாவின் மெஷின் துப்பிக்கொண்டே இருக்கும். அதில் பட்டைக் கோடுகள் பெரிசாக இருக்கும், பேரும் விலாசமும் எறும்பு சைஸுக்கு இருக்கும். அதைப் படிக்க யாருக்கு நேரம்? ஒட்டித் தள்ளினாள். எப்போதாவது கண்ணில் பட்ட பேர்களும் தர்ஷினி, பிரணவ், லக்ஷிதா என்று ஒன்றும் தெரிந்த பேராக இல்லை.

வாங்கியவர்கள் எழுதுகிற கருத்துகள் அதைவிட அருமை. எல்லாம் அஞ்சு ஸ்டார். 'நல்ல பிள்ளைகள், நல்லா இருக்கணும்.' 'அம்மாவை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும்.' 'தம்பிக்கு எப்போது பெண் பார்க்கிறீர்கள்?'

"ஏன்டா, டீ எப்படின்னு ஒருத்தரும் சொல்லலியே?" என்று அவள் கேட்டாள்.

"கஸ்டமர் நம்மள பர்சனலா எடுத்துக்கறாங்கக்கா. இதுக்காகப் பெரிய கம்பெனியெல்லாம் கோடி கோடியாச் செலவழிக்கறான்" என்றான் அவன். அவளும் நம்பினாள்.

நடுவில் திருப்பூரிலிருந்து சுகந்திச் சித்தி ஒரு நாள் போன் செய்தாள். "ஏன்டி, உங்க கடையில நானும் ஒண்ணு வாங்கலாம்னு பாத்தா நம்பர் எடுக்க மாட்டேங்குதே?" கோகிலவாணி போனைப் பொத்திக்கொண்டு தம்பியிடம், "சித்திக்கு போன்ல லைட்டு அணைக்கவே தெரியாது" என்று சிரித்தாள். அவனும் சிரித்தான். சித்தியின் புகார் ஒரு சீட்டிலும் ஏறவில்லை.

கார்த்திகையில் தேவர்சோலை செல்லையா சித்தப்பா வீடு கட்டிக் குடி போனார். தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து லயத்து வீட்டிலேயே தலை நரைத்த மனுஷன் சொந்தமாக ஒரு கூரை போட்டிருக்கிறார், போகாமல் இருக்க முடியுமா? மூன்று பேரும் போனார்கள். சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது ஆளுக்கு ஒரு மஞ்சப்பை கொடுத்தார்கள். தேங்காய், வெற்றிலை, கூடவே கனமாக ஏதோ ஒன்று.

பஸ்ஸில் உட்கார்ந்து பையைப் பிரித்தாள் கோகிலவாணி. உள்ளே 'நம்ம கொழுந்து' டப்பா. மூடியைத் திறந்தாள். 'முகம் தெரியாத அன்பருக்கு' என்று அவள் கையெழுத்து அவளையே பார்த்துச் சிரித்தது.

ஜீவா தன் பையைப் பிரித்தான். அதிலும் ஒன்று. முன் சீட்டில் இருந்த அத்தை, பின் சீட்டில் இருந்த அண்ணி, டிரைவருக்குப் பக்கத்தில் நின்ற மச்சான் என்று பஸ்ஸில் பாதிப் பேர் மடியில் அவள் டப்பா உட்கார்ந்திருந்தது. அத்தையின் பேத்தியை எல்லோரும் குட்டிம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அது டப்பாவைத் தட்டி, "இது நான் என் போன்ல வாங்கினது" என்றது.

"உன் பேரென்ன கண்ணு?" என்று கேட்டாள் கோகிலவாணி.

"லக்ஷிதா."

கோகிலவாணி வீடு வந்து செருப்பைக் கழற்றியதும்தான் வெடித்தாள். "அம்மா! யார் யாருக்கெல்லாம் போன் பண்ணின?"

"ஏன், நாம மொய் வச்ச எல்லா வீட்டுக்குந்தான்" என்றாள் சின்னம்மை, ஒரு குற்றமும் செய்யாத முகத்தோடு. "புள்ள கடை தொறந்திருக்கா, வந்து எட்டிப் பாருங்கன்னு சொன்னேன். அவங்க வீட்டு காதுகுத்து, சடங்கு, கல்யாணம் எதுக்கு நாம போகல? இப்ப நம்ம வீட்டு விசேஷம். செய்யுறாங்க."

"இது விசேஷம் இல்லம்மா, வியாபாரம்!"

"அழுதுக்கிட்டே சோறு தின்னியே, அதப் பாத்துட்டு எப்புடி சும்மா இருக்கச் சொல்ற?"

காலையில் கொழுந்து பறித்துவிட்டு, சாயங்காலம் போனில் டீத்தூள் வாங்குகிற ஜனம் உலகத்தில் வேறெங்கேயாவது உண்டா! வீட்டில் மூட்டையாகத் தூள் கிடக்க, இந்த டப்பாவை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? அடுத்த வீட்டு விசேஷத்துக்குக் கொடுத்தார்கள். அவர்கள் அதற்கடுத்த வீட்டுக்கு. இப்படியே நீலகிரி முழுக்கச் சுற்றிவிட்டு டப்பா அவளிடமே திரும்பியிருக்கிறது. கோகிலவாணிக்கு அம்மாவைத் திட்டவும் வரவில்லை, கொஞ்சவும் வரவில்லை. தரணிதரன் சொன்னது அப்படியே பலித்துவிட்டதே என்பதுதான் தாங்கவில்லை.

மார்கழி வந்தது. மொய் வைக்க வேண்டியவர்கள் எல்லாரும் வைத்து முடித்துவிட்டார்கள், ஆர்டர் நின்றுபோனது. ஜீவாவின் கிராஃப் இப்போது மலைக்குக் கீழே பர்லியாறு பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. பழைய ஆபீஸ் பக்கமாக ஒருநாள் போனபோது கண்ணாடி வழியாகப் பார்த்தாள். சேரைத் துடைத்து வைத்திருந்தார்கள்.

அதற்கு மறுநாள் காலை, மூன்று பேரும் சுவர் முன்னால் சுரத்தில்லாமல் நின்றுகொண்டிருந்தபோது ஜீவாவின் போன் கிணுங்கியது. அவன் முகம் வெளிறியது. "அக்கா, ஒரு ஸ்டார் விழுந்திருக்கு."

"குடு இங்க" என்று பிடுங்கி, சத்தமாகப் படித்தாள்.

'ஒரு ஸ்டாரே அதிகம். பூஜ்யம் போட வழியில்லாததால் போடுகிறேன். குன்னூருக்கு வந்தபோது லாட்ஜ் வாட்ச்மேன் இந்த டீயைப் போட்டுக் கொடுத்தார். ஏதோ கல்யாண வீட்டில் அவருக்குக் கொடுத்த டப்பாவாம். நன்றாக இருந்ததே என்று ஊருக்கு வந்து ஆர்டர் போட்டால், என் பின்கோடு செல்லாதாம். ஏன், ராஜபாளையம் இந்தியாவில் இல்லையா? கடைசியில் டப்பாவில் இருந்த உங்கள் பின்கோடையே போட்டு, விலாசத்தில் என் ஊரை எழுதித் தொலைத்தேன். பார்சல் உங்கள் ஊரையே சுற்றிவிட்டு, ஒரு மாசம் கழித்து, லாரி ஏறின மாதிரி நசுங்கி வந்தது. கம்பெனி நடத்துகிறீர்களா, கண்ணாமூச்சி ஆடுகிறீர்களா? பி.கு: டீ நன்றாக இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு கோபம். அழகர்சாமி, ராஜபாளையம்.'

சின்னம்மைதான் முதலில் பேசினாள். "யாரு இந்த அழகர்சாமி? இந்தாளுக்கு நான் போன் பண்ணலியே!"

கோகிலவாணி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. மொய் கிய்யி ஏதாவது?"

"ராஜபாளையத்துல நமக்கு யாரு இருக்கா? நாய் வேணா அந்த ஊரு நாய்னு கேள்விப்பட்டிருக்கேன்."

ஜீவா அதற்குள் சுவரைத் தடவிக்கொண்டிருந்தான். 'முடிஞ்சது' கட்டத்தில், மற்ற சீட்டுகளுக்கு நடுவில், ஒரு சுருண்ட சீட்டைப் பிய்த்தான். அவன் கையெழுத்துத்தான். 'டெஸ்ட்டுக்காக 643 பின்கோடு மட்டும். கடை திறக்குமுன் இந்தியா முழுக்க மாற்றணும்.' 643 என்று தொடங்கினால் நீலகிரி மாவட்டம். அதாவது, கடை திறந்த நாளிலிருந்து இந்த மலையை விட்டு வெளியே இருக்கிற ஒரு ஜீவனும் அவளிடம் வாங்கவே முடிந்திருக்காது!

"இத யாரு முடிஞ்சதுல ஒட்டுனா?"

"நாந்தான்" என்றாள் சின்னம்மை. "அந்தப் பக்கம் காலியாக் கெடந்துச்சு. பாக்கவே பாவமா இருந்துச்சு."

"நீ மாத்தினியான்னு ஒரு தடவ பாத்திருக்கலாம்லடா, எருமை! சித்தி சொன்னாளே, கேட்டோமா?" என்று கோகிலவாணி தம்பி தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தாள். வைத்த கையோடு தன் தலையிலும் ஒன்று வைத்துக்கொண்டாள்.

ஜீவா உட்கார்ந்து பின்கோடைத் திறந்துவிட்டான். தேநீர் ஆறுவதற்குள் முடிந்த வேலை. கோகிலவாணி ஆர்டரில் இருந்த நம்பருக்குப் போன் போட்டாள். எடுத்த மனுஷன், எழுதியதெல்லாம் போதாது என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். கூரியர்காரனை, டப்பாவை, பின்கோடைக் கண்டுபிடித்தவனை, ஒருத்தரையும் விடவில்லை.

"சொல்லுங்க சார்... ஆமாங்க சார்... இன்னும் சொல்லுங்க சார்."

"ஏம்மா, நான் இங்க தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருக்கேன். நீ அழுகுறியா, சிரிக்கிறியா?"

"ரெண்டுந்தான் சார்" என்று மூக்கை உறிஞ்சினாள். "தப்பு எங்க மேலதான். புது டப்பா ரெண்டு அனுப்பறேன் சார், நீங்க ஒரு காசு தர வேண்டாம்."

அந்தப் பக்கம் குரல் இன்னும் ஏறியது. "ஏன் தர வேண்டாம்? நான் என்ன உன் சொந்தக்காரனா, சும்மா வாங்கிக்கிறதுக்கு? காசப் பிடி, சாமான ஒழுங்காக் குடு. அவ்வளவுதான் உனக்கும் எனக்கும்!"

போனை வைத்துவிட்டுக் கோகிலவாணி தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். காலையில் சுவர் முன்னால் உட்காரக் கூடாது என்பது ஜீவாவின் சட்டம், ஆனால் அன்றைக்கு அது செல்லவில்லை. சின்னம்மை புடவைத் தலைப்பால் மகள் முகத்தைத் துடைத்தாள். "சொந்தக்காரங்க அத்தன பேரு வாங்குனாங்க, அதுக்கு அழுவல. இந்த சிடுமூஞ்சிக்கு அழுவுறா" என்று முனகினாள். முனகிக்கொண்டே ரெண்டு டப்பாவை எடுத்து வந்து, நசுங்காமல் இருக்கத் தன் பழைய ஸ்வெட்டரைச் சுற்றி வைத்தாள்.

கோகிலவாணி ஒரு அட்டையை எடுத்து, 'முகம் தெரியாத அன்பருக்கு' என்று எழுதினாள். எத்தனையோ எழுதியிருக்கிறாள், இதை மட்டும் எழுதிவிட்டு இன்னொரு தடவை படித்துப் பார்த்தாள். பிறகு தரணிதரனுக்குப் போன் போட்டாள்.

"ஒருத்தர் வாங்கிட்டாருங்க. ராஜபாளையம். எங்களுக்கு ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

"சும்மா சொல்லாதீங்க அம்மிணி. யாரையாச்சும் புடிச்சு வாங்கச் சொல்லியிருப்பீங்க."

"ஒரு ஸ்டார் குடுத்துக் கண்டபடி திட்டியிருக்காருங்க. படிக்கட்டுமா?"

அவள் படித்து முடித்ததும் தரணிதரன் தொண்டையைச் செருமினார்.

"அப்ப நெசமான ஆளுதானுங்க" என்றார்.

சேரை அன்றைக்கே தூக்கி மாடியில் போட்டுவிட்டாராம். மாலைதான் இன்னும் வந்தபாடில்லை.