திருவிழாவில் ஓடிய வண்டி

ஜெர்மனியில் நெக்கார் ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன ஊரின் நீதிமன்றத்தில் அன்று கால் வைக்க இடமில்லை. ஊர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை உடுப்பை மாட்டிக்கொண்டு ஆல்வின் ரூலேவுக்காகச் சாட்சி சொல்ல வந்திருந்தார்கள். ஆல்வினோ அவர்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

குதிரையில்லாமல் ஓடும் அவனுடைய மூன்று சக்கர வண்டிக்குக் கிடைத்த காப்புரிமையை ரத்து செய்யச் சொல்லி ஒரு பெரிய ஆலை வழக்குப் போட்டிருந்தது. அது போய்விட்டால் யார் வேண்டுமானாலும் அந்த வண்டியைச் செய்து விற்கலாம். அவன் ரத்தம் சுண்ட உழைத்ததெல்லாம் அம்போதான். சட்டமோ பொல்லாதது. காப்புரிமைக்கு விண்ணப்பம் போடுவதற்கு முன்பே வண்டி ஊரறியத் தெருவில் ஓடியிருந்தால் அது புதுக் கண்டுபிடிப்பே இல்லையாம். இதை அவனுடைய வக்கீல் அன்று காலை நீதிமன்றப் படியில் வைத்துத்தான் சொன்னார். சாட்சிகளிடம் வாயே திறக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

ஆல்வின் என்ன செய்திருந்தான்? தகரப் பைத்தியம் என்று சிரித்தவர்களின் வாயை அடைக்க, கோடைத் தொடக்கத்தில் வரும் பெந்தெகொஸ்தே திருவிழாவில் வீராப்பாக வண்டியை ஓட்டிக் காட்டியிருந்தான். விண்ணப்பம் போட்டதோ அதற்குப் பிறகு, இலையுதிர்காலத்தில். அவசரக் குடுக்கை!

ஆலை வக்கீல் தேனொழுகக் கேட்டார். "ரொட்டிக்கடைக்காரரே, இந்த வண்டிய மொதல்ல எப்போ பார்த்தீங்க?"

"பெந்தெகொஸ்தே அன்னிக்குத்தான்! நம்ம ஆல்வின்தான்யா எல்லாருக்கும் முந்திச் செஞ்சவன். நானே ஏறி உக்காந்தேன். தொப்பி பறந்துபோச்சு, ஊரே சிரிச்சுது!"

கூட்டம் கைதட்டியது. வேண்டாம் வேண்டாம் என்று ஆல்வின் தலையை ஆட்டினான்.

"கூச்சப்படாத தம்பி, நாங்க எதுக்கு இருக்கோம்?" என்று சொல்லிக்கொண்டே கொல்லர் கூண்டேறினார். அவரும் அதையே இன்னும் சத்தமாகச் சொன்னார். பாதிரியாரோ, அன்று வண்டியை ஆசீர்வதித்ததே தான்தான் என்றார். பொய் சொல்லியிருந்தால் மறுக்கலாம்; உண்மையை, அதுவும் இத்தனை பிரியத்தோடு சொல்பவர்களை என்ன செய்வது?

கடைசியாக அவன் மனைவி ஹெட்விக் கூண்டேறினாள்.

"நீங்களும் பார்த்தீங்களாம்மா?"

"பார்த்தேனாவாம்! மார்க்கெட்ட சுத்தி அவர் பக்கத்துல உக்காந்து போனதே நாந்தான்!"

அதற்கு மேல் ஆலை வக்கீல் ஒன்றும் கேட்கவில்லை. தாள்களை அடுக்கிக் கட்டினார்.

ஹெட்விக் வந்து ஆல்வினின் அருகில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகம் பூரித்திருந்தது.

"ஏங்க, சரியா சொன்னேனா?"

"நல்லா சொன்னே" என்றான் ஆல்வின்.