சோதனைக்குக் கொடுத்த மண்

அந்தத் தெருவில் எந்த வீட்டாரும் தம் புறவாசல் மண்ணைச் சோதனைக்குக் கொடுப்பதில்லை. இப்படியொரு விதியை எவரும் வாய்திறந்து சொன்னதுமில்லை. தெருக்கோடிச் சாயப்பட்டறைதான் அங்கே பெரும்பாலான வீடுகளுக்குச் சோறு போட்டது. அதன் கழிவுநீர் ஓடை வீடுகளின் பின்புறத்தை உரசிக்கொண்டுதான் ஓடியது. மண் பரிசோதனை முகாம் வருகிறதென்றால், வேல்சாமி தன் லோடு ஆட்டோவில் இளையரசனேந்தலிலிருந்து கரிசல் மண் கொண்டுவந்து இறக்குவான். ஆளுக்கொரு படி அள்ளிக்கொள்வார்கள். எல்லா மண்வள அட்டையிலும் ஒரே முடிவு வந்து குட்டு வெளிப்பட்டுவிடாதபடி, அவரவர் கைப்பிடி மணலோ அடுப்புச் சாம்பலோ கலந்துகொள்வதும் உண்டு.

ஏசுவடியாளும் சென்ற ஆண்டு அப்படித்தான் கொடுத்தாள். மற்றவர்கள் அட்டையை அலமாரியில் போட்டு மறந்தார்கள். அவளால் அப்படி இருக்க முடியவில்லை. முதல் கருவைப் பறிகொடுத்த மகள் ஷெர்லி, மறுபடியும் முழுகாமல் இருந்து தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். உடம்பில் இரத்தமில்லை, தினமும் கீரை கொடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஏசுவடியாள் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் அச்சிட்டிருந்தபடியே புறவாசலில் ஜிப்சம் தூவினாள், தண்ணீர் தேக்கினாள், தொழு உரம் கலந்து கொத்திப் பாத்தி கட்டினாள். முத்திரை குத்திய அட்டையில் தன் பெயரைக் கண்டதும், அது தன் மண்ணைப் பற்றித்தான் பேசுகிறது என்று நம்பிவிட்டாள்.

தண்டுக்கீரை முளைத்தது. இலை விளிம்புகள் கருகியே வந்தன. கருகியதைக் கிள்ளி எறிந்துவிட்டு, மிச்சத்தைக் கடைந்து மகளுக்கு ஊட்டினாள்.

இன்னும் ஆழமாகக் கொத்தினால் கீரை தேறும் என்று ஒருநாள் மண்வெட்டியை இறக்கியபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். சாண் ஆழத்தில் மண் ஊதா நிறத்தில் பிசுபிசுத்துக் கிடந்தது. முகர்ந்தாள். பட்டறையிலிருந்து வரும் கணவரின் சட்டையில் வீசும் அதே நெடி.

“கீரைய நிறுத்திட்டேல்லா, அத்தோட விடு,” என்றார் கணவர் ஜீவரத்தினம். “பட்டறைய பூட்டிட்டான்னா தெருவே நம்ம வாசல்ல வந்து மண்ண வாரித் தூத்தும், பாத்துக்க.”

“நான் ஊட்டுனது அவ வயித்துக்குள்ள போயிட்டே. அத எப்படிங்க நிறுத்த?”

அவர் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

இந்த ஆண்டு முகாமைப் பட்டறை வாசலுக்கு எதிரிலேயே பந்தலிட்டு நடத்தினார்கள். மேசைக்குப் பின்னால் வேளாண்மைத் துறையிலிருந்து வந்த சுமதி என்ற இளம்பெண். பெண்கள் துணிப்பைகளோடு வரிசையில் நின்றார்கள்.

“ஏன் மதினி, கரிசல் அள்ள வரலியே?” பக்கத்து வீட்டு ஆறுமுகத்தாய் காதோரம் கிசுகிசுத்தாள். “ஆட்டோவுல இன்னும் கெடக்கு, ஓடிப்போய் ஒரு படி…” சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஏசுவடியாள் இடுப்பில் வைத்திருந்த ஊதா மண் சட்டி அவள் கண்ணில் பட்டது. “அடியாத்தி! எல்லார் அடுப்புலயும் தண்ணி ஊத்தவா வந்திரிக்கீக?”

ஏசுவடியாள் சட்டியை மேசைமேல் வைத்தாள்.

“நெழல்ல காயவச்சுல்லாம்மா கொண்டாரணும்?” என்ற சுமதி, குனிந்து பார்த்து மூக்கைச் சுளித்தாள். “இது எந்த ஊர் மண்ணு? எல்லாரும் கரிசல்தானே குடுத்திருக்காங்க?”

பட்டறைக் கதவருகே வந்து நின்ற ஜீவரத்தினத்தின் முகம் வெளிறியிருந்தது. “ஏட்டி, வீட்டுக்குப் போ,” என்றார். அதட்டலாக வரவேண்டிய குரல் கெஞ்சலாக வந்தது.

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு சுமதியிடம், எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னாள்:

“இங்கன வச்சிருக்க பையெல்லாம் இளையரசனேந்தல் மண்ணு, மேடம். போன வருசம் நான் குடுத்ததும் அதுதான். இதுதான் எங்க புறவாசல் மண்ணு. சாயம் எம்புட்டு எறங்கியிருக்குன்னு பாக்கணும்னு எழுதுங்க. ஜீவரத்தினம் வீடுன்னு பேரு போட்டே எழுதுங்க. இதுல வெளஞ்சதத்தான் எம்மவ தின்னிருக்கா.”