அரக்கு எரிந்த வெள்ளிக்கிழமை

ஆவணி இரண்டாம் வெள்ளி, மாலை நாலேகாலுக்குக் காஞ்சிபுரத்தில் அரக்கு நிறம் தீர்ந்துபோனது. காந்தி ரோட்டுக் கடைகளில் அடுக்கியிருந்த அரக்குப் புடவைகள் கஞ்சித்தண்ணி மாதிரி வெளுத்தன. பச்சையும் மாம்பழ மஞ்சளும் அப்படியே இருந்தன. காரணம் யார் என்பது ஐந்து மணிக்கெல்லாம் பிள்ளையார்பாளையம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

சாயப்பட்டறை குமாரசாமியின் மனைவி அகிலாதான். நல்ல பெண்மணி, யாரையும் கேட்டு எதுவும் செய்யமாட்டாள், அவ்வளவுதான். பட்டறைகளின் சாயக்கழிவையும் கறை எடுக்கும் கரைப்பான் மிச்சத்தையும் அழிக்கத் திருப்பருத்திக்குன்றம் போகும் வழியில் பிளாஸ்மா எந்திரம் ஒன்று வைத்திருந்தார்கள். மின்னலைக் குழாய்க்குள் பிடித்துவைத்தது போன்ற சுடர். எந்த விஷமும் அதன் சூட்டில் அணு அணுவாகப் பிரிந்துவிடும். அன்று காலை கழிவு வண்டி வந்தபோது அகிலா வீட்டு டிரம்மில் நாலு விரல் குறைந்திருந்தது. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக ஒரு பாத்திரத்தைக் குறையாக வாசல் தாண்ட விடலாமா? கழிவானால் என்ன, கௌரவம் கௌரவம்தானே. மூலையில் மூடியிருந்த சாடியைக் கவிழ்த்து டிரம்மை நிரப்பி அனுப்பிவிட்டாள். அது குமாரசாமியின் தாத்தா கரைத்த தாய்ச்சாயம். அறுபது வருஷமாக ஊர்ப் பட்டறைகள் எல்லாம் அதிலிருந்து ஒரு கரண்டி வாங்கித்தான் புது அரக்கு கலக்கும். எந்திரம் தாயை எரித்ததும் பிள்ளைகளும் ஊரைக் காலி செய்துவிட்டன.

கடைக்காரர்கள் கூட்டம் போட்டு, போண்டா தின்று கலைந்தார்கள். அகிலா வீட்டுக்குத்தான் நிஜமான இடி. மகள் சத்யப்ரியாவுக்கு அடுத்த வெள்ளி முகூர்த்தம். அரக்கில் நெய்த கூறைப்புடவை பீரோவில் வெள்ளையாகக் கிடந்தது. மாகறலிலிருந்து சம்மந்தி கங்கையம்மாள் வந்து பார்த்தாள். காபியைத் தொடவில்லை.

"எம்புள்ள நல்லாத்தான இருக்கான் சம்மந்தி? அதுக்குள்ள பொண்ணுக்கு எதுக்கு வெள்ளை?"

தங்கள் குலதெய்வத்துக்கு வேறு நிறம் ஆகாது, அரக்கு இல்லையென்றால் கல்யாணமும் இல்லை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். அகிலா அழுதாள். சத்யப்ரியா அழாமல் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு எந்திரத்தை ஓட்டும் ஜீவிதாவிடம் போனாள். ஏனாத்தூர் காலேஜில் படித்த பெண் ஜீவிதா. நிறத்தைத் திருப்பிக் கேட்டதில் அவளுக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை.

"மீட்டுக்கினு போறதுக்கு இது அடகுக்கடையாக்கா? உள்ள போனது போனதுதான்."

சத்யப்ரியா சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைப் படித்தாள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது, புள்ளிக்குப் பின்னால் இன்னும் நாலு ஒன்பது, அத்தனையும் அழியும் என்று முத்திரை குத்தியிருந்தது.

"அப்ப மிச்சம் இருக்குதுல்ல? அதக் குடுமா."

ஜீவிதாவால் மறுக்க முடியவில்லை. மறுத்தால் சான்றிதழ் பொய்யாகிவிடும். புகையைக் கழுவும் தொட்டியை வடித்து, பத்து லட்சத்தில் ஒரு பங்கை, கண் மருந்துக் குப்பியில் கொடுத்தாள்.

முகூர்த்தத்தன்று வெளுத்த புடவையின் முந்தானையில் கடுகளவு அரக்கு இருந்தது. கங்கையம்மாள் கண்ணாடி போட்டுப் பார்த்தாள், கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். நாதஸ்வரக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"அரக்குதான்" என்றாள். தாலி ஏறியது.

இப்போது காஞ்சிபுரத்தில் அரக்குப் புடவை என்றால் அப்படி ஒரு புள்ளி வைத்ததுதான். குப்பியில் மிஞ்சியது இன்னும் நாற்பது வருஷத்துக்கு வருமாம். வாங்க வருகிறவர்கள், புள்ளி இடப்பக்கமா வலப்பக்கமா என்று மட்டும் கேட்கிறார்கள்.