பி ஷிப்ட் சுசித்ரா

துவைக்கப் போட்ட யூனிஃபார்ம் பேன்ட்டில் ஒரு குட்டி நோட்டு இருந்தது. என் வீட்டுக்காரர் அசோக்குமார் கம்பெனியில் லைன் லீடர். தன் லைனில் நிற்கும் ஆட்களின் பெயர், ஷிப்ட், பஸ் ஏறும் இடம் எல்லாம் எழுதி வைப்பார். அதுதான் என்று நினைத்துப் பிரித்தேன்.

'சுசித்ரா. வயது இருபத்தெட்டு. பி ஷிப்ட். உத்தனப்பள்ளி ஸ்டாப்.' அதுவரை சரி. அடுத்த வரி, 'சிரிக்கும்போது தரையைப் பார்ப்பாள். கத்தரிக்காய் பிடிக்காது. இடி இடித்தால் பயம்.' மூன்று பக்கம் இப்படியே போனது. எவளோ இடிக்குப் பயந்தால் இவருக்கென்ன?

நானும் வேறொரு கம்பெனியில் வேலை செய்கிறேன். நான் ஏ ஷிப்ட் முடித்து வீட்டுக்கு வரும்போது அவர் பி ஷிப்டுக்குக் கிளம்பியிருப்பார். ஒன்பது வருஷக் குடித்தனத்தில் பாதிப் பேச்சு செல்போனில்தான். பேன்ட்டைத் துவைக்காமலே நோட்டோடு மாட்டிவிட்டேன்.

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு, உத்தனப்பள்ளி ஸ்டாப்பில் போய் நின்றேன். என் வீட்டுக்காரர் கம்பெனியின் பி ஷிப்ட் பஸ்ஸுக்காக வெங்கடம்மாள் என்ற அம்மா காத்திருந்தார். அவரிடம் விசாரித்தேன்.

“சுசித்ராவா? நாலு வருசமா நான் ஒருத்திதாம்மா இங்க ஏறறேன்.”

சந்தேகம் தீரவில்லை, கூடியது. பெயரையும் ஊரையும் மாற்றி எழுதியிருக்கிறார், கெட்டிக்காரர்!

ஞாயிற்றுக்கிழமை நேராகவே கேட்டேன். “யாருங்க அந்த சுசித்ரா?”

அவர் முகம் வெளுத்துவிட்டது. “கதை எழுதறேன் கொடி. அதுல வர்றவ. ஆளோட குணத்தை மொதல்ல எழுதி வெச்சாத்தான் கதை நகரும்.”

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க.”

நோட்டை எடுத்து வந்து சில பக்கங்களைக் காட்டினார். கல்யாணமான ஒரு லைன் லீடர், அவன் ஆசைப்படும் சுசித்ரா, அடித்து அடித்துத் திருத்திய சம்பவங்கள். கதைதான். நம்பினேன். மனசு லேசாகிச் சிரிப்புகூட வந்தது.

“கல்யாணமானவன்னா பொண்டாட்டி எங்க?”

அவர் நோட்டை மூடினார். நோட்டைப் பிடுங்கிப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி. 'மனைவி. நல்லவள். எதையும் கேட்க மாட்டாள்.'

“அவளுக்கு மட்டும் என்னா எழுதறதுன்னே தெரியல கொடி,” என்றார்.

இல்லாத ஒருத்திக்கு மூன்று பக்கம். நிஜமாகவே ஒருத்தி இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அடக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர், நோட்டின் கடைசிப் பக்கத்தை விரித்துப் பேனா மூடியைத் திறந்தார்.